உயரம் குறைத்த கார்

காரின் உடற்பகுதி சக்கரங்களின் மேல் நேராக உட்காருவதில்லை. நடுவில் நான்கு ஸ்பிரிங்குகள் நின்று அதைத் தாங்குகின்றன. வண்டி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பது இந்த நான்கையும் பொறுத்தது. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கினால் வண்டி இறங்கும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவிலும் நகரத்துக்கு வடக்கே மார்க்கத்திலும் உள்ள கராஜ்களில் இது ஒரு நாளுக்குள் முடியும் வேலை. சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் நடுவே தெரியும் வெற்றிடம் மறைந்தால் கார் பார்க்க அழகாக இருக்கிறது என்பது இதற்குப் பாதிக் காரணம். இறங்கிய கார் வளைவில் நன்றாகத் திரும்பும் என்ற நம்பிக்கை மீதிப் பாதி. அந்த நம்பிக்கையில் பொய் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை என்ன என்பதைப் பலர் கேட்பதில்லை.

வண்டி திரும்பும்போது அதன் எடையில் ஒரு பகுதி உள்பக்கச் சக்கரங்களை விட்டு வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் உயர்ந்திருந்தால் அதிகம் மாறும்; இடது வலது சக்கரங்களுக்கு நடுவே அகலம் கூடினால் குறைவாக மாறும். நடுத்தர செடான் ஒன்றில் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 55 செ.மீ. உயரத்திலும், சக்கர அகலம் சுமார் 155 செ.மீ. ஆகவும் இருப்பதாகக் கொள்வோம். அதை 3.5 செ.மீ. இறக்கினால் இடம்மாறும் எடை 6 சதவீதம் குறையும். டயரின் மேல் சுமை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. சுமை ஏற ஏறப் பிடிப்பின் வளர்ச்சி மந்தமாகிறது. ஆகவே நான்கு டயர்களும் சுமையை எவ்வளவு சமமாகப் பகிர்கின்றனவோ அவ்வளவுக்கு மொத்தப் பிடிப்பு கூடும். கவிழும் வாய்ப்பும் குறையும். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சக்கர அகலத்தின் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து வரும் எண்ணைக் கொண்டு கவிழ்வு அபாயத்தை மதிப்பிடுகிறது. எண் பெரிதாக இருப்பது நல்லது. மேற்சொன்ன காருக்கு அது 1.41, இறக்கிய பிறகு 1.50. ஆனால் செடான் கார்கள் சாதாரண ஓட்டத்தில் கவிழ்வது அரிது என்பதால் இந்த லாபம் காகிதத்தில் தெரியும் அளவுக்கு வீதியில் தெரியாது.

சுருளின் கணக்கு

ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி வளைவதைவிட முறுக்கப்படுகிறது என்று சொல்வதே சரி. நேரான எஃகுக் கம்பி ஒன்றை ஒரு முனையில் பிடித்து மறுமுனையில் திருகினால் என்ன எதிர்ப்பு வருமோ அதே எதிர்ப்புதான், சுருட்டி வைக்கப்பட்ட வடிவில், காரைத் தாங்குகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு மூன்று அளவுகளுக்குக் கட்டுப்படும். கம்பியின் தடிப்பின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அது கூடும். சுருளின் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். வேலைசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் குறையும். 12 மி.மீ. கம்பியை 13 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடும். கண்ணால் பார்த்து ஒருவரும் சொல்லிவிட முடியாத வேறுபாடு அது.

13 மி.மீ. கம்பியை 12.3 செ.மீ. விட்டத்தில் ஆறு சுற்றாகச் சுற்றினால் விறைப்பு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 25 நியூட்டன் வரும். அதாவது இரண்டரைக் கிலோ எடை வைத்தால் ஒரு மில்லிமீட்டர் அமுங்கும். இதை ஒரு காரின் முன்சக்கர ஸ்பிரிங்காக எடுத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தின் கணக்குகளைப் போடலாம். சுமையில்லாதபோது அதன் நீளம் 360 மி.மீ. என்றும், அதன் மேல் இறங்கும் காரின் பங்கு 3000 நியூட்டன் என்றும் கொண்டால், ஸ்பிரிங் 120 மி.மீ. அமுங்கி 240 மி.மீ. நீளத்தில் நிற்கும். இந்த நிலையிலிருந்து சக்கரம் 80 மி.மீ. மேலே ஏறலாம், 80 மி.மீ. கீழே தொங்கலாம் என்பது தயாரிப்பாளர் கொடுத்த இடம்.

காரை இறக்கப் பல வழிகள் உண்டு. ஸ்பிரிங்கின் சுற்றுகளை வெட்டுவது, நெருப்பால் சூடாக்கி அமுங்கவைப்பது, சுற்றுகளைக் கிளாம்ப் போட்டு இறுக்குவது ஆகியவை மலிவானவை. அந்தக் காருக்கென்றே வடிவமைத்த குட்டை ஸ்பிரிங்கை மாற்றுவது அடுத்தது. உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய, ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து வரும் 'காயில்ஓவர்' தொகுதி அதற்கும் மேல். ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டுக் காற்றுப்பையைப் பொருத்துவது உச்சம். விலை ஏறும் வரிசையும் ஏறத்தாழ இதுதான்.

வெட்டினால் என்ன ஆகும்

ஆறு சுற்றில் ஒரு சுற்றை வெட்டியெடுத்தால் இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சுமையில்லாத நீளம் 360 மி.மீ.யிலிருந்து 305 மி.மீ. அளவுக்குக் குறைகிறது. மிஞ்சிய ஐந்து சுற்றின் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடி மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் ஆகிறது. அதே 3000 நியூட்டன் சுமையில் அது 100 மி.மீ. மட்டுமே அமுங்கும். நிற்கும் நீளம் 205 மி.மீ. ஆகிறது. கார் 35 மி.மீ. இறங்கியிருக்கிறது. வெட்டிய துண்டு 55 மி.மீ., இறக்கமோ 35 மி.மீ. முதல்முறை வெட்டுபவர்கள் "இன்னும் இறங்கவில்லையே" என்று அடுத்த சுற்றில் கைவைப்பது இந்த இடைவெளியால்தான்.

வெட்டிய ஸ்பிரிங் பலமிழந்து உடைந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இயற்பியல் அதை ஆதரிக்கவில்லை. கம்பிக்குள் எழும் தகைவு சுமையையும், கம்பித் தடிப்பையும், சுருள் விட்டத்தையும் பொறுத்தது. சுற்றுகளின் எண்ணிக்கைக்கு அதில் இடமில்லை. ஐந்து சுற்றானாலும் ஆறு சுற்றானாலும் 3000 நியூட்டனில் எஃகு படும் பாடு ஒன்றே. குளிர்ந்த நிலையில் வெட்டுச் சக்கரத்தால் சுத்தமாக வெட்டப்பட்ட ஸ்பிரிங் எஃகாக எந்தக் குறையும் அற்றது. பழைய பந்தயக் கார்களில் இப்படிச் செய்வது வழக்கமாகவே இருந்தது.

ஆபத்து வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது வெப்பம். ஸ்பிரிங் எஃகு கடினமாக்கப்பட்டுப் பின் அளவான சூட்டில் பதப்படுத்தப்படுவது. வாயுச் சுடரால் வெட்டினாலோ சூடாக்கி அமுக்கினாலோ அந்த இடத்தில் பதம் போய்விடும். திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் வரும் களைப்பு விரிசலைத் தடுப்பதற்கென்றே ஆலையில் சிறு எஃகுக் குண்டுகளை வீசியடித்து மேற்பரப்பில் ஏற்படுத்திய அழுத்தப் படலமும் அழிந்துபோகும். சூடாக்கிய ஸ்பிரிங் எங்கே, எப்போது முறியும் என்று யாராலும் கணிக்க முடியாது. இந்த ஒரு முறைக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது.

இரண்டாவது, முனை. பல ஸ்பிரிங்குகளின் முனைச் சுற்று குறுகலாகச் சுற்றப்பட்டோ தட்டையாகத் தேய்க்கப்பட்டோ இருக்கும். அது உட்காரும் தட்டும் அந்த வடிவத்துக்கு ஏற்பவே அமைக்கப்பட்டது. அப்படிப்பட்ட முனையை வெட்டினால் மிஞ்சுவது எங்கும் பொருந்தாத கம்பி நுனி.

மூன்றாவது, தளர்வு. இதுதான் கவனிக்கப்படாமல் போவது. மூல ஸ்பிரிங்கில், சக்கரம் முழுதும் தொங்கும்போது மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் நடுவே 320 மி.மீ. தூரம் இருக்கும். ஸ்பிரிங்கின் இயல்பான நீளம் 360 மி.மீ. என்பதால் அப்போதும் அது 40 மி.மீ. அமுங்கி, 1000 நியூட்டன் விசையோடு தன் இருக்கையைப் பற்றிக்கொண்டிருக்கும். வெட்டிய ஸ்பிரிங்கின் நீளமோ 305 மி.மீ.; 320 மி.மீ. இடைவெளியில் அது 15 மி.மீ. தளர்ந்து ஆடும். மேட்டைத் தாண்டிச் சக்கரம் தொங்கும் கணத்தில் ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி, வண்டி திரும்ப இறங்கும்போது கோணலாக உட்காரலாம். பிரேக் குழாயை உரசலாம்; டயரையே தொடலாம். இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு எதுவும் தேவையில்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பார்த்தால் போதும். திரும்பினால் அந்த வண்டி வீதிக்கு உகந்ததல்ல.

நல்ல நிறுவனங்கள் செய்யும் குட்டை ஸ்பிரிங்கில் இந்தச் சிக்கலுக்கு முன்கூட்டியே விடை இருக்கும். சில சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். காரின் எடை ஏறியதும் அவை ஒன்றையொன்று தொட்டு மூடிக்கொள்ளும். சக்கரம் தொங்கும்போது மட்டும் விரிந்து ஸ்பிரிங்கை இருக்கையோடு பிடித்துவைக்கும். காயில்ஓவர்களில் இதே வேலையைச் செய்ய ஒரு தனித் துணை ஸ்பிரிங் வரும். ஸ்பிரிங்கை வெட்டுவதற்கும் மாற்றுவதற்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

மிஞ்சிய 45 மில்லிமீட்டர்

கார் எந்த முறையில் இறங்கினாலும் ஒரு நட்டத்தைத் தவிர்க்க முடியாது. சக்கரம் மேலே ஏறுவதற்கு இருந்த இடம் குறைகிறது. உதாரணக் காரில் 80 மி.மீ. இருந்தது 45 மி.மீ. ஆகிவிட்டது. குழியின் விளிம்பில் சக்கரம் மோதும்போது வரும் ஆற்றலை இந்த இடத்துக்குள் ஸ்பிரிங் விழுங்கியாக வேண்டும். நிற்கும் நிலையிலிருந்து மேலே அமுங்கும்போது ஸ்பிரிங் கூடுதலாகச் சேமிக்கக்கூடிய ஆற்றல், விறைப்பின் பாதியைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. மூல ஸ்பிரிங்குக்கு அது 80 ஜூல். வெட்டிய ஸ்பிரிங்குக்கு, விறைப்பு கூடியிருந்தும், 30 ஜூல்தான். பழைய 80 ஜூலை இந்த 45 மி.மீ.க்குள் அடக்க வேண்டுமானால் விறைப்பு மில்லிமீட்டருக்கு 79 நியூட்டன் ஆக வேண்டும். அது மூல அளவின் மூன்று மடங்குக்கும் மேல். தூரம் வர்க்கமாக வருவதால் ஏற்படும் தண்டனை இது: இடம் பாதியானால் விறைப்பு நான்கு மடங்காக வேண்டும். அந்தக் காரில் பத்து நிமிடம் பயணம் செய்வதே முதுகுக்கு வேதனை.

ஆகவே வீதிக்கான குட்டை ஸ்பிரிங்குகள் நடுவழியில் நிற்கின்றன: விறைப்பைக் கொஞ்சம் கூட்டி, மீதியை முட்டுரப்பரிடம் விட்டுவிடுகின்றன. ஷாக் அப்சார்பரின் தண்டில் செருகப்பட்டிருக்கும் இந்த நுரைப் பாலியூரிதேன் துண்டு, சக்கரம் உச்சத்தை எட்டும்போது எஃகும் எஃகும் மோதாமல் காப்பது. இறங்கிய காரில் அது சின்னச் சின்ன மேடுகளுக்கும் வேலைசெய்ய வேண்டியிருக்கும். முட்டுரப்பர் அமுங்க அமுங்க விறைப்பு தாவி ஏறும். வளைவின் நடுவே ஒரு சக்கரம் மட்டும் அதைத் தொட்டால் அந்தச் சக்கரத்தின் சுமை திடீரென உயரும். முன்சக்கரமானால் வண்டி வளைவை விட்டு வெளியே தள்ளும், பின்சக்கரமானால் வால் வீசும். இறங்கிய கார் "நன்றாகத் திரும்பும்" என்ற பெருமை, முட்டுரப்பரைத் தொடாத வரையில்தான்.

ஷாக் அப்சார்பரும் இந்தக் கணக்கில் சேர்ந்தது. ஸ்பிரிங் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். ஷாக் அதை வெப்பமாக்கி வெளியே விடும். உதாரணக் கார் மூல ஸ்பிரிங்கில் நொடிக்கு 1.44 முறை அலையும். வெட்டிய பின் 1.58 முறை. விறைப்பு 20 சதவீதம் கூடியதால் பழைய ஷாக்கின் தணிப்பு விகிதம் சுமார் 9 சதவீதம் குறைகிறது. இவ்வளவு குறைவதைப் புதிய ஷாக் தாங்கிக்கொள்ளும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த ஷாக்கில் அதே குறைவு வெளிப்படையாகத் தெரியும்: சக்கரம் துள்ளும், துள்ளும் சக்கரம் தரையைத் தொடாத கணங்களில் பிரேக்குக்குப் பிடிப்பு இராது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி ஷாக்கை மிச்சம்பிடிப்பது பொய்ச் சிக்கனம்.

கைகளின் கோணம்

இன்று ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மக்பெர்சன் ஸ்ட்ரட் வகை. ஏர்ல் மக்பெர்சன் என்ற பொறியாளரின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்பு 1950இல் பிரிட்டன் ஃபோர்டின் கான்சல், செஃபர் கார்களில் பரவலாக அறிமுகமானது. கீழே ஒரு கை, மேலே ஷாக் அப்சார்பரே தூண். எளிமையும் மலிவும் இதன் பலம். இறக்கப்படுவதைப் பொறுத்துக்கொள்ளாமை இதன் பலவீனம்.

சாதாரண உயரத்தில் கீழ்க்கை ஏறத்தாழக் கிடையாகவோ சக்கரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்தோ இருக்கும். வண்டி இறங்கினால் அதன் சக்கர முனை மேல்நோக்கிப் போகிறது. வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தச் சாய்வு மையம் இந்தக் கையின் கோணத்தால் தீர்மானிக்கப்படுவது. வண்டி இறங்கும்போது சாய்வு மையம் அதைவிட வேகமாக இறங்குகிறது. ஈர்ப்பு மையத்துக்கும் சாய்வு மையத்துக்கும் நடுவிலுள்ள தூரமே வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் என்பதால், கார் தரைக்கு அருகே வந்தும் அதைச் சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு போதிய அளவு கூடாவிட்டால் இறங்கிய கார் பழையதைவிட அதிகம் சாயும். பந்தயக்காரர்கள் கீழ்க்கையின் பந்து மூட்டுக்கு நீட்டிப்புப் போட்டுக் கோணத்தைத் திருத்துவது இதற்காகத்தான்.

ஸ்டியரிங் தண்டுகளும் தப்புவதில்லை. கீழ்க்கையும் ஸ்டியரிங் தண்டும் ஒரே வட்டத்தில் ஏறி இறங்கும்படி ஆலையில் அமைத்திருப்பார்கள். உயரம் மாறினால் இரண்டின் பாதையும் பிரிகின்றன. அப்போது ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகவே கொஞ்சம் திரும்பும். நெடுஞ்சாலையில் வண்டி கோடு பிடித்துப் போகாமல் அலையும். சக்கரங்களின் முன்முனை வெளிநோக்கி விலகினால் டயரின் உள்விளிம்பு மட்டும் மளமளவென்று தேயும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிது போலவே தெரியும். உள்பக்கத்தில் கம்பிவலை வெளியே வந்திருக்கும். ஸ்பிரிங் மாற்றி அது படிந்த பிறகு, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், சக்கரக் கோணங்களை அளந்து சரிசெய்வது கட்டாயம்.

உயரத்தை நம்பி வேலைசெய்யும் வேறு பாகங்களும் இருக்கின்றன. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 20 மி.மீ. அதிகமாக இறங்கினால், 2.7 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள காரின் விளக்கொளி 50 மீட்டர் தூரத்தில் 37 செ.மீ. உயர்ந்து எதிரே வருபவரின் கண்ணில் படும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும் முன்பம்பரிலுள்ள ராடாரும் இதே கோணத்தை நம்பியே முன்னால் போகும் வண்டியின் தூரத்தைக் கணக்கிடுகின்றன. தானாகப் பிரேக் போடும் வசதியுள்ள காரை இறக்கினால் அவற்றை மறுபடி அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். பம்பரும் அப்படியே. வட அமெரிக்கச் செடான்களின் பம்பர்கள் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குல உயரத்துக்குள் ஒன்றையொன்று சந்திக்கும்படி அமைக்கப்படுபவை. ரொறன்ரோவில் முன்னால் நிற்பது பிக்கப் டிரக்காக இருக்கும் வாய்ப்பு அதிகம். இறங்கிய கார் அதன் அடியில் நுழையப் பார்க்கும்.

ரொறன்ரோவின் வீதி

இதே கார் கலிபோர்னியாவில் ஓடினால் இந்த அத்தியாயம் பாதியில் முடிந்திருக்கும். இறக்கிய கார்களின் தாயகம் அந்த மாநிலம்தான். சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் தொங்கக் கூடாது என்று கலிபோர்னியா 1950களின் இறுதியில் சட்டம் போட்டது. 1959இல் ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் வண்டி உயரும், போலீஸ் போனதும் இறங்கும். அந்தத் தடை 2024 ஜனவரி 1இல் நீங்கியது. அங்கே பெரும்பாலான வீதிகளில் உப்பும் பனியும் இல்லை.

ரொறன்ரோவில் குளிர்காலம் முழுவதும் நீர் உறைவதும் உருகுவதுமாக இருக்கிறது. தாரின் வெடிப்பில் இறங்கிய நீர் உறைந்து 9 சதவீதம் விரிந்து தாரைப் பெயர்க்கிறது; உருகியதும் அடியில் வெற்றிடம் மிஞ்சுகிறது; மேலே போகும் பேருந்து அதை அமுக்கிக் குழியாக்குகிறது. நகராட்சி ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழிகளை மூடுகிறது. 311 எண்ணில் புகார் சொன்னால் இன்னும் சில மூடப்படும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை குழிகள் பிறக்கும் வேகம் மூடும் வேகத்தை மிஞ்சிவிடும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 40 செ.மீ. நீளக் குழியைத் தாண்டச் சக்கரத்துக்கு 24 மில்லிநொடி ஆகும். அந்த நேரத்துக்குள் ஸ்பிரிங் தள்ளிச் சக்கரம் இரண்டு, இரண்டரைச் செ.மீ. தான் கீழே போகும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நேரம் இரட்டிக்கிறது. விழும் ஆழம் நான்கு மடங்காகி, சக்கரம் குழியின் அடியைத் தொட்டுவிடும். வேகத்தில் போனால் குழி தெரியாது என்று சிலர் சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவே. விளிம்பில் மோதும் வேகம் அங்கே இரண்டு மடங்கு என்பதை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. இறக்கிய காரில் பக்கச்சுவர் குறுகிய டயரும் சேர்ந்தே வருவது வழக்கம். மோதலை விழுங்க ரப்பரும் குறைவு, ஸ்பிரிங்கின் இடமும் குறைவு. மிச்சத்தைச் சக்கர விளிம்பு வாங்கிக்கொண்டு வளைகிறது.

சிவிக், கொரொல்லா போன்ற செடான்களுக்கு ஆலை தரும் தரை இடைவெளியே ஏறத்தாழ 13 செ.மீ. தான். 3.5 செ.மீ. இறக்கினால் மிஞ்சுவது 10 செ.மீ.க்கும் குறைவு. குடியிருப்பு வீதிகளின் வேகத்தடைகள் 7, 8 செ.மீ. உயரமானவை. பனி வண்டி வீதியைத் துப்புரவாக்கிவிட்டுப் போகும்போது வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போகும் பனி வரம்பு அதைவிட உயரம். கார் அந்த வரம்பின் மேல் வயிற்றை வைத்து ஏறினால் சக்கரங்களின் மேலுள்ள எடை பனிக்கு மாறிவிடும். எவ்வளவு நல்ல பனிக்கால டயரானாலும் சும்மா சுழலும். எண்ணெய்த் தட்டு உடைவது பெட்ரோல் காரின் கவலை. மின்காரில் அந்த இடத்தில் பாட்டரியே படுத்திருக்கிறது.

வீதியில் தூவப்படும் உப்பு இன்னும் மெதுவான எதிரி. ஸ்பிரிங்கின் மேலுள்ள பூச்சு கல்பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கிறது. துருக்குழி களைப்பு விரிசலின் விதை. கீழ்த் தட்டில் உப்புநீர் தேங்குவதால் அடிச் சுற்று முறிவது இந்த ஊர்க் கராஜ்களில் மூல ஸ்பிரிங்குகளிலேயே சாதாரணமாகக் காணப்படுவது. முறிந்த கூரிய நுனி டயரைக் கிழித்துவிடும். நெருக்கமாகச் சுற்றிய குட்டை ஸ்பிரிங்கில் சுற்றுகள் ஒன்றோடொன்று உரசிப் பூச்சை இன்னும் வேகமாகத் தேய்க்கும். காற்றுப்பை அமைப்பில் குழாய்க்குள் சேரும் ஈரம் உறைந்து வால்வை அடைத்துக்கொள்ளும்.

சட்டம் பார்க்கும் இடம்

கனடாவில் புதிய கார் எப்படி இருக்க வேண்டும் என்பதை மத்திய அரசின் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. விற்கப்பட்ட பிறகு அதில் செய்யப்படும் மாற்றங்கள் மாகாணத்தின் பொறுப்பு. 15 வயதைக் கடந்த வெளிநாட்டுக் கார் மத்தியத் தரத்துக்கு உட்படாமலேயே இறக்குமதியாகலாம் என்பதால் ஜப்பானில் ஏற்கனவே இறக்கப்பட்ட கார்களும் ரொறன்ரோவுக்கு வருகின்றன.

ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, யாருக்காவது ஆபத்து விளைவிக்கும் நிலையிலுள்ள வண்டியை ஓட்டுவதையும் ஓட்டவிடுவதையும் தடுக்கிறது. ஆனால் தனியாரின் காருக்கு ஒன்ராறியோவில் ஆண்டுப் பரிசோதனை இல்லை. பழைய கார் கைமாறும்போது பாதுகாப்புத் தரச் சான்றிதழ் தேவை. உரிமம் பெற்ற மெக்கானிக் சோதித்துத் தரும் அந்தத் தாள் 36 நாள் செல்லும். வாங்கிய பிறகு ஸ்பிரிங்கை வெட்டியவரின் வண்டியை, பொலிஸ் நிறுத்தினாலொழிய, அடுத்த விற்பனை வரை ஒருவரும் அடியில் படுத்துப் பார்ப்பதில்லை.

ஜெர்மனியில் குட்டை ஸ்பிரிங் ஒன்றைப் பொருத்தினால் அந்தக் காருக்கு அது ஏற்றது என்ற தொழில்நுட்ப அறிக்கை வேண்டும். டூவ் போன்ற அமைப்பின் சோதகர் பார்த்து ஒப்ப வேண்டும். இந்தியா மறுகோடியில் நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஒன்ராறியோ இரண்டிலும் சேராமல், முடிவை வண்டி உரிமையாளரிடம் விட்டுவைத்திருக்கிறது. ஜெர்மன் முறையே அறிவுக்குப் பொருத்தமானது: அது இறக்குவதைத் தடுக்கவில்லை, தவறாக இறக்குவதைத் தடுக்கிறது.

காப்புறுதியும் இதில் உண்டு. அபாயத்தைக் கணிசமாக மாற்றும் எதையும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவின் பொதுக் காப்புறுதி ஒப்பந்தத்தில் உள்ள கடமை. சொல்லாமல் இறக்கிய கார் விபத்தில் சிக்கினால் நட்டஈட்டில் தகராறு எழலாம்.

எவ்வளவு இறக்கலாம்

வேலையைச் செய்யும்போதே ஒரு ஆபத்து உண்டு. ஸ்ட்ரட்டைப் பிரிக்க ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கினால் அதில் சுமார் 280 ஜூல் அடைபட்டிருக்கும். 28 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மலிவான கம்ப்ரெசர் நழுவினால் அது முகத்தில் வரும். ஒன்ராறியோவில் கராஜ் வேலைக்கு 310எஸ் என்ற மெக்கானிக் உரிமம் கட்டாயம் என்பதற்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

ரொறன்ரோவில் தினமும் ஓடும் காருக்கு 20 முதல் 30 மி.மீ. வரை இறக்கம் தாங்கக்கூடியது. அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங், அதற்கு ஏற்ற புதிய ஷாக், பொருத்தமான முட்டுரப்பர், பிறகு சக்கரக் கோணமும் விளக்கும் கேமராவும் சரிபார்ப்பு என்பது அதன் நிபந்தனை. இதையெல்லாம் செய்தால் மூல நிலையைவிடப் பாதுகாப்பான கார் கிடைக்கும் என்றுகூடச் சொல்லலாம். 50 மி.மீ.யைத் தாண்டினால் சஸ்பென்ஷன் என்ற பெயர்தான் மிஞ்சும். அவ்வளவு இறக்க விரும்புபவர்களுக்கு, 1961இல் மோஸ்போர்ட் என்று தொடங்கி இன்று கனடியன் டயர் மோட்டார்ஸ்போர்ட் பார்க் என்று அழைக்கப்படும் ஓடுபாதை பவ்மன்வில் அருகே இருக்கிறது. அங்கே பனி வரம்பும் வேகத்தடையும் இல்லை.

ஏற்கனவே இறக்கப்பட்ட காரை வாங்குபவர், சான்றிதழ் கையில் இருந்தாலும், வண்டியை லிஃப்டில் ஏற்றி மூன்று இடங்களைத் தானே பார்க்க வேண்டும்: ஸ்பிரிங் கையால் திரும்புகிறதா, டயரின் உள்விளிம்பு தேய்ந்திருக்கிறதா, சுற்றின் முனையில் வெட்டிய தழும்போ நெருப்பின் நிறமோ தெரிகிறதா. மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்த வண்டியை விட்டுவிடுவது நல்லது.